வண்டியோடு இருந்த அனுமதிப்பத்திரம்

நான் எழுதுவினைஞனாகப் பணியாற்றிய நீதிமன்றின் பதிவறை கட்டடத்தின் பின்புறத்தில் இருந்தது. அதன் ஒற்றைச் சாளரத்தைத் திறந்தால் மாத்தளைச் சந்தைக்கு வரும் லொறிகளின் புகை உள்ளே புகும். மூடினால் பழந்தாளின் மணம் மூச்சை அடைக்கும். வீதிக் குற்ற வழக்குகளின் கோவைகள் அங்கே கூரையைத் தொடுமளவு அடுக்கப்பட்டிருந்தன. களவு, கைகலப்பு முதலிய வழக்குகளின் கோவைகளை நாடிச் சட்டத்தரணிகள் வருவதுண்டு. விளக்கு எரியாத துவிச்சக்கர வண்டி, அளவு மீறிய சுமை, சரக்கின் மேல் ஆள் ஏற்றியமை ஆகியவற்றை நாடி வருவோர் அரியர். சாரதி குற்றத்தை ஏற்றுத் தண்டப்பணம் செலுத்தியதும் கோவை ஒரே தாளோடு முற்றுப்பெறும். சாட்சியம் பதியப்படாது, நிகழ்ந்தது யாதென்று எவரும் வினவார்.

அத்தகைய தாளைத் தேடியெடுப்பது எளிதன்று. பெயரால் தேடுவதில் பயனில்லை. ஒரே பெயரினர் நகரில் பலர் இருந்தனர். குற்றம் நிகழ்ந்த நாளையோ எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆதலால் நான் முதலில் வண்டியின் இலக்கத்தைக் கேட்பேன். அதன்பின், அம்மன் கோயில் தேருக்கு முன்னரா பின்னரா என்று கேட்பேன். தேர் நாளில் பெருவீதி அடைபட்டு லொறிகள் சுற்றுவழியிற் செல்ல நேர்ந்தமையால் இந்துக்கள் மட்டுமன்றி முஸ்லிம் சாரதிகளும் அதைக் கொண்டே காலத்தைக் கணித்தனர். அதுவும் உதவாதபோது, வண்டியில் அன்று என்ன சரக்கு இருந்தது என்பேன். மிளகு என்பார் ஒருவர். கொக்கோ என்பார் மற்றொருவர். அந்த விடையைக் கொண்டு மாதத்தை அணுகி, வண்டி இலக்கத்தைக் கொண்டு தாளை அடைவேன்.

பஸ்கள் அரசுடைமையானதன் பின்னர் இத்தேடல் திடீரென மிகுந்தது. டிப்போவிற் சாரதி வேலைக்கு விண்ணப்பிப்போர் தம்மீது பதிவான வீதிக் குற்றங்களின் விவரத்தை நீதிமன்றிலிருந்து சான்றுப்படுத்திப் பெற்றுவர வேண்டும் என்று விதித்திருந்தனர். சிறு குற்றங்களை அவர்கள் பொருட்படுத்தவில்லை. கவனயீனமாக ஓட்டி ஒருவரைக் காயப்படுத்தியதாகத் தீர்ப்பிருப்பின் விண்ணப்பம் அன்றே தள்ளப்படும்.

அவ்வாறு வந்தவர்களுள் நாற்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் சாரதி ஒருவரும் இருந்தார். நாவுலையிலிருந்து காய்கறியையும், பல்லேபொலைப் பக்கத்திலிருந்து மிளகையும் ஏற்றிவரும் லொறி ஒன்றை நெடுங்காலம் ஓட்டியவர். அதன் உரிமையாளர் முதுமையால் வணிகத்தைக் கைவிட எண்ணியிருந்தார். லொறி விலைபோய்விட்டால் இவருக்கு வருவாய் இல்லை. டிப்போ வேலையில் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. இவற்றை அவரே நிதானமாக எடுத்துரைத்தார். தம்மீது இரண்டு மூன்று அற்பக் குற்றங்கள் இருக்கலாம் என்றும், விளக்குக்காக ஒன்று உறுதியாக உண்டு என்றும் கூறினார்.

வண்டி இலக்கத்தைக் கொண்டு தேடியபோது அவர் பெயரிற் பல தாள்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று நாவுலை வீதியின் வளைவொன்றிற் கவனயீனமாக ஓட்டித் துவிச்சக்கர வண்டியில் வந்தவரின் கையை முறித்தமை பற்றியது. சாரதி மன்றில் தோன்றிக் குற்றத்தை ஏற்றார், தண்டப்பணம் செலுத்தப்பட்டது என இரு வரிகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. நான் அதைத் தமிழிற் படித்துக் காட்டினேன்.

"அது நடந்த அண்டைக்கு வண்டியில நான் இல்ல ஐயா," என்றார்.

பின்பு அவர் விளக்கியதிலிருந்து, அந்நாளில் லொறிக்காரரிடையே வழங்கிய ஒரு முறைமையை அறிந்துகொண்டேன். சாரதியின் அனுமதிப்பத்திரம் சாரதியிடம் இருப்பதில்லை. லொறியின் ஏனைய பத்திரங்களோடு இருக்கைக்குக் கீழுள்ள தகரப் பெட்டியில் இருக்கும். அன்று வண்டியை எவர் ஓட்டினாலும் மறிக்கும் பொலிசாரிடம் அதையே நீட்டுவார். அதிலிருந்த சிறு நிழற்படம் எண்ணெயும் வியர்வையும் பட்டு எவர் முகத்துக்கும் பொருந்தக்கூடியதாகியிருந்தது. அழைப்பாணை வந்ததும் பத்திரத்துக்கு உரியவர் மன்றுக்குச் சென்று குற்றத்தை ஏற்பார். தண்டப்பணத்தை முதலாளி டீசற் செலவோடு சேர்த்துக் கணக்கெழுதுவார். தண்டம் லொறிக்கு விழுந்தது என்றே அவர்கள் பேசிக்கொண்டனர். அது ஒரு மனிதனின் பெயரில் நிலைத்து நிற்கும் என்பது அவர்களின் எண்ணத்தில் எழவில்லை.

வளைவில் அந்த விபத்து நிகழ்ந்த நாளில் இவர் பல்லேபொலையில், தங்கை மகளின் நிக்காஹ் வைபவத்தில் இருந்தார். லொறியை ஓட்டியவர் இவருடைய மனைவியின் தம்பி. அப்போது அவரிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. உண்மை வெளிப்பட்டால் அவர் மறியற்சாலைக்குப் போக நேரும் என்று குடும்பத்தார் அஞ்சினர். இவர் மன்றுக்குச் சென்று ஏற்றுக்கொண்டார். வழக்கமாகச் செய்வதே என்பதால் வீட்டில் அதன்பின் அதைப் பற்றிப் பேச்சில்லை. மைத்துனர் பின்னர் முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்று, அதே டிப்போவில் ஏற்கெனவே சாரதியாகச் சேர்ந்துவிட்டார். அவர்மீது குற்றம் எதுவும் பதிவில் இல்லை என்று சான்றெழுதிக் கொடுத்தவனும் நானே.

தீர்ப்பை மாற்ற வழியுண்டா என அவர் கேட்டார். எமது மன்று தான் வழங்கிய தீர்ப்பைத் தானே நீக்க இயலாது என்பதையும், உயர்ந்த மன்றுக்கு மனுச் செய்தல் வேண்டும் என்பதையும், மனுவோடு நிகழ்ந்ததைக் கூறும் சத்தியக்கடதாசி இணைக்கப்படல் வேண்டும் என்பதையும், மன்றிற் பொய்யாகக் குற்றத்தை ஏற்றமைக்கு அவரும் விடைகூற நேரலாம் என்பதையும் தெரிவித்தேன்.

"அதுல அவன்ட பேரையும் சொல்லணுமா?"

சொல்லியாக வேண்டும் என்றேன்.

"அப்ப எனக்கு லொறியே போதும் ஐயா."

பிரதிக்கான கட்டணத்தை அவர் முன்னரே செலுத்தியிருந்தார். ஆகவே பிரதியைத் தயாரித்துக் கையொப்பமும் முத்திரையும் பெற்று, உரியவர் வந்து பெறும்வரை வைக்கும் மரத்தட்டில் இட்டேன். அவர் வரவில்லை. தட்டில் அதன்மேல் வேறு பிரதிகள் சேர்ந்தன. அவை ஒவ்வொன்றாகப் போன பின்னும் அது கிடந்தது.

மழைக்காலம் தொடங்கியபின் ஒரு முற்பகலில், காக்கிச் சீருடை அணிந்த பஸ் சாரதி ஒருவர் கட்டணப் பற்றுச்சீட்டோடு வந்தார். அவர்தான் அந்த மைத்துனர். பிரதி ஆயத்தமாயிருந்தும் மச்சான் சோம்பலால் வாங்காமல் விட்டுவிட்டார் எனக் குறைப்பட்டுத் தமக்கையே தம்மை அனுப்பியதாகக் கூறினார். நல்ல கலகலப்பான மனிதர்.

"காக்கி உடுப்பு புடிக்கல்லயாம் அவருக்கு. எங்க ராத்தாவுக்குப் பிறகு அந்த லொறியையும் நிக்காஹ் செஞ்சிக்கிட்டார் போல. இத வாங்கி நானே டிப்போவுல குடுத்திடுறேன் ஐயா."

பதிவுகளின் பிரதியைப் பற்றுச்சீட்டோடு வருபவரிடம் கொடுக்கலாம் என்பது விதி. கொடுத்தேன். ஆங்கிலம் தெரியாதாகையால் அதைப் படித்துக் காட்டுமாறு வேண்டினார். விளக்கைப் பற்றியதையும் சுமையைப் பற்றியதையும் கேட்டுத் தலையசைத்தார். நாவுலை வீதி வளைவைப் பற்றிய பகுதியை நான் படிக்கத் தொடங்கியதும் தலையசைப்பு நின்றது. இறுதிவரை படித்தேன். இவ்வகைத் தீர்ப்புடையவரை டிப்போவிற் சேர்ப்பதில்லை என்பது அவரும் அறிந்த விதி. அதை நான் கூறவேண்டியிருக்கவில்லை.

மச்சான் தம்மைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டார். அலுவலகத்தில் ஒருவர் கூறியதை மற்றொருவருக்கு எடுத்துச் சொல்வது என் வழக்கமன்று. குற்றத்தை ஏற்றார் என்பதே பதிவில் உள்ளது என்று மட்டும் விடையளித்தேன். தீர்ப்பை மாற்றும் வழியைக் கேட்டார். முன்னவருக்குக் கூறியவற்றையே அதே வரிசையிற் கூறினேன். சத்தியக்கடதாசி கொடுப்பவரை டிப்போ வேலையில் வைத்திருக்குமா என்பது அவருடைய அடுத்த வினா. அதற்கு விடை கூறும் அதிகாரம் எனக்கில்லை என்றும், விதி யாவருக்கும் ஒன்றே என்றும் சொன்னேன்.

அவர் பிரதியை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பேரேட்டிற் கையொப்பமிட்டார். வாயில்வரை சென்றவர் திரும்பிப் பார்த்து, "எனக்கு மூணு புள்ளைங்க ஐயா," என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

சத்தியக்கடதாசி எதுவும் வரவில்லை. உயர்ந்த மன்று கோவையை அழைத்து எழுதும் கடிதம் வரக்கூடும் என்று சிலகாலம் தபாற் கட்டைப் பிரிக்கும்போது எண்ணியதுண்டு. பின்னர் அந்த எண்ணமும் இல்லாது போயிற்று. லொறி வேறொரு வணிகருக்கு விலைபோயிற்று என்றும், சாரதியும் அதனோடு அவரிடமே சென்றார் என்றும், முன்னையிலும் குறைந்த கூலிக்கு ஓட்டுகிறார் என்றும் சந்தையிற் கேள்வியுற்றேன்.

சில ஆண்டுகள் கழித்து அலுவல் ஒன்றின் பொருட்டு நாவுலைக்குச் சென்று பஸ்சில் மீண்டுகொண்டிருந்தேன். ஓட்டியவர் அந்த மைத்துனர். பதிவிற் குறிப்பிட்ட வளைவை நெருங்குகையிற் பாதை ஒடுங்கி ஏற்றமாயிருந்தது. மேலிருந்து காய்கறிக் கூடைகள் ஏதுமின்றி வெறுமையாய் ஒரு லொறி இறங்கி வந்தது. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது விதி. ஆயினும் பஸ் ஒதுங்கி நின்றது. சுமையோடு ஏறும் பஸ்சை அவ்விடத்தில் நிறுத்தினால் மீண்டும் எடுப்பது கடினம். என் அருகிலிருந்த முதியவர் முணுமுணுத்தார். மிதிபலகையில் நின்ற நடத்துநர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்த எடத்துல இவரு எப்பயும் அப்பிடித்தான் அப்பச்சி. லொறிக்காரர் அவருக்கு மச்சான். வழி விடாட்டி ராத்தா வீட்டுல சோறு கெடைக்காது."

பஸ்சில் இருந்தோர் சிரித்தனர். சாரதி சிரிக்கவில்லை, இரு கைகளையும் சுக்கானில் வைத்தபடி முன்னே பார்த்துக்கொண்டிருந்தார். லொறி எங்களைக் கடந்தபோது அதன் சாரதியைக் கண்டேன். வழி கிடைத்தமைக்காக எல்லாச் சாரதிகளும் செய்வதுபோற் கையைச் சிறிது உயர்த்திவிட்டுச் சென்றார். அவருடைய சட்டைப் பையின் விளிம்பில் அனுமதிப்பத்திரத்தின் பழைய அட்டை வெளியே தெரிந்தது.

பஸ் இருமுறை பின்னுக்கு வழுக்கி, மூன்றாம் முறை ஏறியது.