மினுக்கிய துவக்கு

பழைய துவக்குகளை, அதாவது துப்பாக்கிகளை, பரிசோதித்து, அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று சேகரிப்பவர்களுக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் ஜெர்மனியில் கொலோன் பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் போய்வந்தேன். இப்போது போவதில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்கிறேன். அது பாதிக் காரணம்தான்.

கடைசியாகப் போனது ஒரு வயோதிப ஜெர்மன்காரரின் வீட்டுக்கு. கீழேயுள்ள பிடியை இழுத்து மடக்கினால் அடுத்த ரவை குழலுக்குள் ஏறும் பழைய அமெரிக்கத் துவக்கு ஒன்றை உரிமத்தோடு வைத்திருந்தார். அதை விற்க மகன் ஏற்பாடு செய்திருந்தார். குழலுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சுருளாக ஓடும் வரிகள் தேய்ந்திருந்தன, ஆனால் துரு அரிக்கவில்லை. திருகாணித் தலைகளில் ஒரு கீறல்கூட இல்லை. யாரும் கழற்றியதில்லை என்று அர்த்தம். நடுப்பகுதி பித்தளை. தலைமுறைகளாகக் கையும் காற்றும் பட்டு, கறுத்துப் பழுப்பேறியிருந்தது. சேகரிப்பவர்கள் அந்தப் பழுப்புக்காகத்தான் வருவார்கள். ஒருமுறை போனால் அது திரும்பாது.

முதியவரைப் பராமரித்தது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். ஐம்பது வயதிருக்கும். அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது என்று தேத்தண்ணி தரும்போது சொன்னார்.

ஜெர்மன்காரர்களிடம் என்றால், எதைக் கொண்டும் தேய்க்காதீர்கள் என்று தவறாமல் சொல்வேன். அன்று களைப்பு. புறப்படும்போது சப்பாத்தைக் காலில் மாட்டியபடியே அந்தப் பெண்ணிடம் தமிழில் சொன்னேன்: "தங்கச்சி, அடுத்த கிழமை படம் எடுக்க வாறன். அதுக்கிடையில உந்தத் துவக்கைக் கொஞ்சம் துப்புரவாக்கி வையுங்கோ."

நான் நினைத்தது தூசியை. எங்கள் வீடுகளில் பித்தளையைத் துப்புரவாக்குவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாததல்ல.

அடுத்த கிழமை போனபோது துவக்கு கோயில் குத்துவிளக்குப் போல மின்னிக்கொண்டிருந்தது. பழப்புளியும் உப்பும். முதியவர் அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, அந்தப் பெண் ஒரு பின்னேரம் முழுக்கத் தேய்த்திருக்கிறார். இருவருக்கும் பொழுது நன்றாகப் போனதாம். முதியவர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

மகன் என் முகத்தைப் பார்த்தார். பழுப்புப் போய்விட்டது, இனி அந்த விலை கிடைக்காது என்று சொன்னேன். யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அந்தப் பெண்ணுடைய ஜெர்மன் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும்தான் போதும். என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"அண்ணை, நீங்கள்தானே சொன்னனீங்கள். அவருக்குச் சொல்லுங்கோ."

என்ன சொல்கிறார் என்று மகன் என்னைக் கேட்டார். தெரியாமல் செய்துவிட்டாராம் என்று மொழிபெயர்த்தேன்.

நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன், தேய்க்கச் சொன்னான் என்று வெளியே தெரிந்தால் வெட்கம். அவ்வளவுதான். அதற்கு மேல் என்னிடம் நியாயம் எதுவும் இல்லை. நான் சொன்னது அந்தப் பெண்ணுக்கு விளங்கியது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அறிக்கையில் 'அண்மையில் அமிலப் பொருளால் துலக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது உண்மைதான். அந்த மாதத்தோடு அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து மகனுக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். பதில் மரியாதையாகவே வந்தது. தகப்பனைப் பராமரிக்க இப்போது வேறொருவர் இருக்கிறார். இனி நான் வரத் தேவையில்லை.

பிறகு அந்தப் பெண்ணின் இலக்கத்தைத் தேடி எடுத்துத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலையாம், பாதி நேரம்தானாம். அன்றைக்கே ஏன் என்னை மறுத்துப் பேசவில்லை என்று கேட்டேன்.

"அவையளுக்கு முன்னால உங்களைப் பொய்யன் எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை, அண்ணை. நீங்களே சொல்லுவியள் எண்டு பார்த்துக்கொண்டு நிண்டனான்."

வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.