என் வீட்டு வாசலை இடித்த சட்டக் கல்லூரி மாணவி

கொள்ளிடக் கரைவரை நடந்துவிட்டு அன்று காலை வீடு திரும்பியபோது, வாசலில் மாநகராட்சி ஆட்கள் இரண்டு பேர் கடப்பாரையோடு நின்றிருந்தார்கள். வாசல் சரிவின் ஒரு மூலை ஏற்கெனவே பெயர்ந்து கிடந்தது. காரை உள்ளே ஏற்றுவதற்காகச் சாக்கடையின் மேல் நான் போட்டிருந்த சிமென்ட் சரிவு அது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் அது இல்லாத வீடு கிடையாது. அவரவர் வாசலில் சாக்கடையை அடைத்துவிட்டு, மழைக்குத் தெருக்கோடி வீடுகளில் தண்ணீர் புகுந்ததும் எல்லோரும் சேர்ந்து மாநகராட்சியைத் திட்டுவோம். நான் ஒரு படி மேலே போய், அதைப் பற்றி நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவன்.

"யார் சொல்லி இடிக்கறீங்க?" என்றேன்.

"மனு வந்துச்சுங்க. முதல்ல இந்த வீட்டுல ஆரம்பிங்கன்னு எழுதியிருக்காங்க."

"எழுதினது யாரு?"

அவர் கடப்பாரையை என் வீட்டுக்குள் நீட்டினார். என் மனைவி இரண்டு டம்ளர் காபியோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். இரண்டும் அவர்களுக்கு.

மனைவி சட்டக் கல்லூரி மாணவி என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஐம்பது வயதுக்கு மேல், எங்கள் மகளைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தாள். முழங்கால் வலியை மறக்க ஒரு பொழுதுபோக்கு என்று நான் பெருந்தன்மையோடு அனுமதித்தேன். அனுமதியை யாரும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டில், சட்ட மாணவர்களுக்கு ஒரு அமைப்பு தரும் ஃபெலோஷிப் பற்றிக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டு வந்தாள். படிப்போடு சேர்த்து ஓராண்டு வார்டு வார்டாகப் போய் மக்கள் பிரச்சினைகளைச் சட்டப்படி தீர்க்கப் பழகும் வேலை. விண்ணப்பிப்பவர் தன் சொந்தத் தெருவில் ஒரு காரியத்தையாவது செய்து காட்டியிருக்க வேண்டும். மரக்கன்று நடச் சொல்லி யோசனை சொன்னேன். போட்டோ நன்றாக வரும். "பாக்கறேன்" என்றாள். முப்பது வருட அனுபவத்தில், அந்த வார்த்தைக்கு நான் பயந்திருக்க வேண்டும்.

"இடிக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வந்தது. ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கேனே."

"ஃப்ரிட்ஜை யார் பாக்கறா?"

"தினம் பத்து தடவை திறக்கறேள்."

நான் குரலைத் தாழ்த்தினேன். ஊரெல்லாம் இருக்க நம் வீட்டில்தான் ஆரம்பிக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"கோடியாத்து மாமி போன மழைக்குக் கட்டில் மேல அடுப்பை வெச்சு சமைச்சா. நாளைக்கு இன்டர்வியூ. உங்காத்து வாசல் எப்படி இருக்குன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? இடிக்கறது நின்னுதுன்னா நான் இன்டர்வியூவுக்குப் போகப் போறதில்லை. ஏன்னா, எனக்கு இது வேணும்."

கல்யாணமான நாளாக அவள் எனக்கு இது வேணும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதில் கரைந்திருக்க வேண்டியவன், உள்ளே போய்க் கவுன்சிலருக்குப் போன் செய்தேன். என் புத்தக வெளியீட்டுக்குப் பொன்னாடையோடு வந்தவர்.

"சார், மேடம் முந்தியே பேசிட்டாங்க" என்றார். "நீங்க போன் பண்ணுவீங்க, எடுத்து மரியாதையா பேசுங்கன்னு சொல்லியிருந்தாங்க. அதான் எடுத்தேன்."

வெளியே வந்தபோது சரிவு இருந்த இடத்தில் சாக்கடை இருந்தது. அடியில் என்ன இருந்தது என்பதை எழுதப்போவதில்லை. சாப்பிட்டுவிட்டுப் படிப்பவர்கள் இருப்பார்கள். அள்ளி முடித்ததும், வருடக்கணக்காக நின்றிருந்த தண்ணீர் மெள்ள நகர்ந்தது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "மாமி, ஸாரோடதே போயிடுத்து. எங்காத்துதையும் எடுத்துடச் சொல்லுங்கோ" என்றார். என் கட்டுரையைத் தெருவே படித்துச் சிரித்தது. ஒருவரும் ஒரு செங்கல்லை நகர்த்தவில்லை. அவள் குவித்த இடிபாட்டைப் பார்த்து மத்தியானத்துக்குள் நாலு வீட்டில் தலையாட்டிவிட்டார்கள்.

மறுநாள் ஹாலில் லேப்டாப்பில் நேர்காணல். மிக்ஸி போடக் கூடாது, இருமக் கூடாது என்ற உத்தரவோடு நான் சமையலறையில் இருந்தேன்.

"எதிர்ப்பு ஏதும் வந்துச்சா?" என்றது ஒரு பெண் குரல்.

"ஒரே ஒருத்தர்."

"எப்படிச் சமாளிச்சீங்க?"

"அவர் வாக்கிங் போற நேரத்துக்கு ஆளுங்களை வரச் சொன்னேன்."

அந்தப் பக்கம் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் விடவில்லை. "முதல்ல அவரைச் சம்மதிக்க வைக்கணும்னு தோணலையா?"

போயிற்று, என்னால் போயிற்று என்று நினைத்தேன். வேறொரு சமயமாக இருந்தால் ரகசியமாகச் சந்தோஷப்பட்டிருப்பேன். அன்று அவளுக்குக் கிடைக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். அதுவே எனக்குப் பெரிய அதிர்ச்சி.

"அவர் இதைப் பத்திக் கட்டுரையே எழுதியிருக்கார், மேடம்" என்றாள். "எழுதினதை நம்பி, சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்."

கையில் பிடித்திருந்த கொத்தமல்லிக் கட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஃபெலோஷிப் கிடைத்துவிட்டது. முதல் வேலை அடுத்த தெருவில். அங்கேதான் என் அண்ணா வீடு. அன்று சாயங்காலமே போன் செய்தான்.

"ஏண்டா, நீ ஒரு வார்த்தை சொல்லப்படாதா அவகிட்ட?"

"காரை இன்னிக்கே வெளியில எடுத்து நிறுத்திடு" என்றேன். "என்னோடது உள்ளேயே மாட்டிண்டிருக்கு."