கதை முடியட்டும், அத்தான்

எங்கள் வீட்டில் ஒரு கலியாணப் பேச்சு, ஓர் ஆங்கிலக் கவிதை முடியும்வரை காத்துக்கிடந்தது. அந்தப் பழி, யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்து குடியேறிய கிங்ஸ்பரியில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்த ஆசிரியையைத்தான் சேரும். எண்பதுகளின் கடைசி, எனக்குப் பதினொரு வயது. ஒரு நீண்ட கதைக்கவிதையைக் கையில் தந்து, வீட்டில் வாசித்துக் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் ஆங்கிலக் கவிதை கேட்க யார் இருந்தார்கள்? ஆகவே பின்னேரங்களில் சித்தி இடியப்பம் பிழிய, நான் பக்கத்தில் நின்று கதையைத் தமிழில் சொன்னேன். கனடாக் கரையில் வயல் செய்யும் கமக்காரர் ஊர் ஒன்று. ஒரு பெண்ணுக்கும் கொல்லன் மகனுக்கும் கலியாணம் நிச்சயமாகிறது. உடனேயே ஆமி வந்து ஆண்களைக் கோயிலுக்குள் கூப்பிட்டுப் பூட்டுகிறது. ஊரை எரித்து, சனத்தை வெவ்வேறு கப்பல்களில் ஏற்றிவிடுகிறது. அவள் அவனைத் தேடி ஊர் ஊராக அலைகிறாள்.

ஷிப்டுக்குப் புறப்பட்ட அப்பா கோட்டுடன் நின்று கேட்டார். "கனடாவோ? மொன்றியலிலை என்ரை மச்சான் நிக்கிறான். பெடியன்ரை பேரைச் சொன்னால் விசாரிக்கலாம்." ஆட்களை ரெலிபோனில் தேடித் தேடி எங்கள் சனத்துக்கு அது பழகிப்போயிருந்தது.

அம்மாவின் தங்கையான இந்தச் சித்திக்கும் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் எங்கள் வேதக் கோயிலில், கலியாணத்துக்கு முன் அதன் அறிவித்தலை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். சித்திக்கு இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவதற்குள் சண்டை வந்து ஊர் கலைந்துவிட்டது. அவர் கனடாவுக்குப் புறப்பட்டார் என்று கேள்விப்பட்டதோடு சரி. இதற்கிடையில் சவுத்தாலில் கடை வைத்திருந்த நல்ல மனிதர் ஒருவர் சித்தியைப் பெண் கேட்டிருந்தார். "மூண்டாவது வாசிக்கேல்லைத்தானே, அது கணக்கில்லை" என்பது அம்மாவின் சட்டம்.

"பிள்ளையின்ரை கதை முடியட்டும், அத்தான். பிறகு பதில் சொல்லுறன்" என்றார் சித்தி அப்பாவிடம்.

அப்பா என்னை மாடிப்படியில் மறித்தார். "கடைசியிலை சந்திக்கினமோ?"

"ஓம். அவள் கிழவியான பிறகு, ஆஸ்பத்திரியிலை. அவர் சாகிற நேரம்."

அப்பாவின் முகம் மலர்ந்தது. இதைக் கேட்டபிறகு எந்தப் பெண் காத்திருப்பாள்! "நல்ல கதை. ஒண்டையும் மாத்தாமல் அப்பிடியே சொல்லு."

முடிவு சொன்ன அன்று அப்பாவும் அம்மாவும் குசினி வாசலில் வந்து நின்றார்கள். நான் உருகி உருகிச் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பெயரைச் சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை, செத்துப்போனார். சித்தியின் கண்கள் நிறைந்துவிட்டன. இடியப்ப உரல் பாதியில் நின்றது. அப்பா வென்றவர்போலத் தொண்டையைச் செருமினார்.

"அப்ப, கண்டிட்டாள்" என்றார் சித்தி. முழங்கையால் முகத்தைத் துடைத்தார். "சவுத்தால்காரருக்கு வேண்டாமெண்டு சொல்லுங்கோ, அத்தான்."

எனக்குப் பதற்றமாகிவிட்டது. "சித்தி, அவர் செத்துப்போனார்!" என்று கத்தினேன்.

"ஓம் குஞ்சு, விளங்குது" என்றுவிட்டு மிச்ச மாவைப் பிழியத் தொடங்கினார்.

அப்பா என்னை முறைத்தார். எனக்கும் என்மேல்தான் கோபம். என் தமிழ் போதவில்லை, சாவு என்பதற்கு இதைவிட அழுத்தமான ஒரு சொல் எங்கோ இருக்கிறது, அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.