சுவருக்கு அந்தப் பக்கம் தொங்கிய மணி

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் குடியிருந்தபோது, வேலைக்குப் போகுமுன் எங்கள் நாய் மணியைக் காம்பவுண்டுச் சுவரோரம் கட்டிவிட்டுப் போவேன். ஒருநாள் பூனையைத் துரத்திச் சுவரைத் தாண்டியவன், சங்கிலி தரைவரை எட்டாததால் அந்தப் பக்கம் கழுத்தோடு தொங்கிவிட்டான். வேலைக்குக் கிளம்பித் தெருமுனைவரை போயிருந்த நான், பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் அலறல் கேட்டு ஓடிவந்தேன். அவனைத் தோளில் தாங்கிப் பிடித்தபடி அக்கா நின்றிருந்தார். கழுத்துப் பட்டையைக் கழற்றியதும் மணி இருமி, மூச்சுவிட்டான்.

"உங்களுக்கு நாய்னாலே பயமாச்சே, அக்கா!" என்று அழுதேன்.

"பயம்தாம்மா. அதுக்கு கண்ணு செருகுதே, கையைக் கட்டிட்டுப் பார்த்துட்டா நிக்கறது?" என்றார்.

மணியைக் காட்டப் போனபோது, நாள் முழுக்க நாயைக் கட்டிப்போடுவது சட்டப்படியே தவறு என்று கால்நடை மருத்துவர் கடிந்துகொண்டார். இப்போது மணி வீட்டுக்குள் அவிழ்த்தபடியே இருக்கிறான். வெளியே கட்ட நேர்ந்தால் மார்புப் பட்டைதான், சுவரைவிட்டுத் தள்ளித்தான். அவிழ்க்கும்வரை நானும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.