பேரத்தில் முடிந்த ஜெட்

கார்புரேட்டர் ட்யூனிங் என்பது வாயை மூடிக்கொண்டு எஞ்சின் சொல்வதைக் கேட்கிற தொழில். வாயாலேயே முன்னுக்கு வந்த எனக்கு அது எப்படி வாய்த்ததோ! ஸ்பேனர் பிடித்துப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

நூறா, தொண்ணூறா?

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூரில் என் ஷெட். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் டேவிட் தன் டூ-ஸ்ட்ரோக் பைக்கோடு வந்தான். ஞாயிற்றுக்கிழமை சோழவரத்தில் ரேஸ். திங்கட்கிழமை அதே வண்டியில் வேலைக்கும் போக வேண்டும்.

கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் ஓட்டைதான் மெயின் ஜெட். அதில் நூறாம் நம்பர் போட்டேன். அவன் தொண்ணூறு கேட்டான். நம்பர் குறைந்தால் ஓட்டை சின்னதாகும், பெட்ரோல் குறையும். வண்டி சீறும், பிஸ்டனும் சூடேறிக் காயும். கத்தினேன். அவனும் கத்தினான். கடைசியில் கத்தரிக்காய்க் கடை மாதிரி நடுவில் தொண்ணூற்றைந்துக்கு முடித்தோம். அவனை ஐந்து ஏற்றிவிட்ட திருப்தி எனக்கு. டேவிட் சிரித்தான்: "இன்னா அண்ணாத்தே, ஜெட்டுக்குமா பேரம்?"

காபிப் பொடி நிறம்

சனிக்கிழமை காலை, பட்டாபிராம் பக்கம் காலி ரோட்டில் முழு வேகத்தில் ஓட்டவிட்டு, சட்டென்று எஞ்சினை நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினோம். அதன் முனை காபிப் பொடி நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் எஞ்சின் காய்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது. வெயில் அப்படிக் காட்டுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேசி முடித்ததை மாற்றினால் என் பேச்சுக்கு என்ன மரியாதை?

சாயங்காலம் அவனோடு ஷெட்டுக்கு வந்த அவன் மனைவி ஸ்டெல்லா வண்டியைப் பார்க்கவேயில்லை, என்னைப் பார்த்தாள். "ஃபர்ஸ்ட்டு வர்லன்னாலும் பரவால்லண்ணா, இவுரு முழுசா ஊடு வந்து சேந்தா போதும்."

மூன்றாவது சுற்று

ஞாயிற்றுக்கிழமை ரேஸில் இரண்டு சுற்று அவன்தான் முதல். பக்கத்தில் நின்றவனிடம் "நம்ம ட்யூனிங்" என்று பீற்றிக்கொண்டேன். மூன்றாவது சுற்றில் சீறல் சட்டென்று நின்றது. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது, பின் சக்கரம் பூட்டியது, டேவிட் தரையில் தேய்ந்துகொண்டே போனான்.

ஓடினேன். தோள்பட்டை எலும்பு உடைந்து, லேத் ஓட்டும் வலது கை தொங்கிக் கிடந்தது. அந்த நிலையிலும் என் புத்தி பாருங்கள்: "தொண்ணூறு கேட்ட வாய்தானேடா!" என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. "நா ஓட்றவன், கேக்கத்தான் செய்வேன். தெரிஞ்சவன் நீ, ஏன் ஒத்துக்கினே அண்ணாத்தே?"

அதற்கப்புறமும் ஆட்டோக்காரரிலிருந்து ஆஸ்பத்திரி வரை நான் பேரம் பேசாத இடமில்லை. ஜெட் நம்பர் மட்டும் என் ஷெட்டில் ஒரே விலை.