போனில் பார்த்த கால்

என் கண்ணைப் பற்றி எனக்கு ரொம்பத் திமிர் உண்டு. மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அவன் அதை எங்கே தள்ளப் போகிறான் என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாக இருந்தால், அவன் தப்பாக ஆடினான் என்பேன். அப்படிப்பட்ட நான், ஒரு இடதுகால்காரனைப் பார்த்து, உனக்கு இருப்பது வலதுகால், நீ பொய் சொல்கிறாய் என்று போனில் கத்தினேன். கொரோனா வந்து எத்தனையோ அதிர்ச்சிகளைக் கொடுத்தது. என்னை உட்கார வைத்தது இதுதான்.

கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரசு அலுவலகத்தில் நான் அதிகாரி. சரக்குக் கோப்புகளைப் பார்ப்பது வேலை. அலுவலகக் கால்பந்து அணிக்கு ஆள் பொறுக்குவது உயிர். நானே அப்படிப் பொறுக்கப்பட்டு உள்ளே வந்தவன்தான். கல்கத்தாவில் ஆபீஸ் அணியில் இடம் கிடைத்தால் கூடவே வேலையும் கிடைக்கும். குடும்பமே தலைநிமிர்ந்துவிடும். அந்த வருடம் எங்களிடம் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். லெஃப்ட் பேக்காக, அதாவது தடுப்பு வரிசையின் இடது ஓரத்தில், நிற்பதற்கு இடதுகாலால் ஆடுகிற ஓர் ஆள் வேண்டும். இடதுகால்காரர்கள் சும்மா கிடைக்க மாட்டார்கள். அதனால்தான் அந்த இடம் காலியாகவே இருந்தது.

வழக்கமாக மைதானத்துக்கு வரச்சொல்லி, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்ப்போம். அந்த வருடம் அது நடக்காது என்று ஆகிவிட்டது. மைதானத்தில் புல் முழங்கால் வரை வளர்ந்து ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அணிச் செயலாளர் ஒரு நாள் கூப்பிட்டு, எல்லோரையும் வீடியோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன், நீங்களே பார்த்து வடிகட்டித் தேறுகிறவனை மட்டும் எனக்கு அனுப்புங்கள் என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆளைப் போனிலா பார்ப்பது? பெண் பார்க்கப் போகாமல் போட்டோவுக்குத் தாலி கட்டுகிற மாதிரி அல்லவா இது என்று கேட்டேன். வேறு வழி சொல்லுங்கள் என்றார். என்னிடம் இல்லை.

வந்த வீடியோக்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஒருவன் மொட்டை மாடியில் ஆடினான்; பந்து தெருவில் விழுந்து யாரோ அவன் அம்மாவைக் கூப்பிட்டுத் திட்டுவது வரை பதிவாகியிருந்தது. ஒருவன் நடு வயலில், சுற்றிலும் ஒரு காக்கைகூட இல்லாத இடத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு ஆடினான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொய்யைத்தான் பொறுக்க முடியவில்லை. இடதுகால் வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், வங்காளம் முழுக்க எல்லோருக்கும் இடதுகால் முளைத்துவிட்டது. 'நான் லெஃப்ட் ஃபுட்' என்று எழுதுவார்கள், வீடியோவில் வலதுகாலால் உதைப்பார்கள். யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள் என்று ஒவ்வொருவனையும் கூப்பிட்டுத் திட்டினேன்.

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் இவனுடையது வந்தது. தெற்கே, ரயிலில் கடைசி வரை போய் அங்கிருந்து படகு பிடிக்க வேண்டிய ஊர். பின்னால் கட்சிக்காரர்கள் சிவப்பில் பெரிதாக எழுதிய ஒரு சுவர். அதற்கு முன்னால் கொஞ்சம் மண் தரை. கேமராவைப் பார்த்து நின்று பந்தை உயரே உதைத்தான், கீழே வந்ததைக் காலோடு ஒட்ட வைத்தான், மறுபடி உதைத்தான். அவ்வளவுதான் வீடியோ. ஆனால் அந்த ஒட்ட வைக்கிற அழகு இருக்கிறதே, நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அப்படி ஒரு காலைப் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. என்ன அநியாயம், அது வலதுகாலாக இருந்தது.

நல்லவனாயிற்றே என்று நானே கூப்பிட்டேன். மைதானத்தில் நான் பேசுவதெல்லாம் வங்காளி மொழிதான். அவனிடமும் அதில்தான் பேசினேன். நீ பிரமாதமாக ஆடுகிறாய், ஆனால் எங்களுக்கு இடதுகால் வேண்டும் என்றேன். நான் இடதுகால்தான் சார் என்றான். நான் பார்த்தேனே என்றேன். நானும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன், ஸ்க்ரீனில் இடது பக்கம்தானே இருக்கிறது என்று சாதித்தான். அட மக்கு, எதிரில் நிற்பவனுடைய இடதுகால் பார்க்கிறவனுக்கு வலப்பக்கமாக அல்லவா தெரியும் என்று விளக்கினேன். அவன் குழம்பிப் போனான். சரி, இன்னொன்று எடுத்து அனுப்பு என்றேன். அனுப்பினான். அதே சுவர், அதே அழகு, அதே வலதுகால்.

என் கோச்சைக் கேட்டுப் பாருங்கள் சார், சின்ன வயதிலிருந்து அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார் என்று ஒரு நம்பர் கொடுத்தான். கூப்பிட்டேன். அணைத்து வைத்திருந்தார்கள். மறுநாளும் அணைத்து வைத்திருந்தார்கள். சாட்சிக்குக்கூடப் பொய் நம்பர் கொடுக்கிறானே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த வேலை கிடைத்தால்தான் வீடு நிமிரும் என்று முதல் பேச்சிலேயே சொல்லியிருந்தான். அது என் மனதில் இருந்ததால்தான் இவ்வளவு பொறுமையாக இருந்தேன் என்பது என் நினைப்பு. மூன்றாவது தடவை அவன் கூப்பிட்டபோது கத்தித் தீர்த்துவிட்டேன்.

"பொய் சொல்றவனுக்கு என் டீம்ல இடம் இல்ல. இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாதே."

அவன் சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து போன் வரவே இல்லை.

தொற்றால் எல்லாக் கோப்புகளும் நின்றது போல் எங்கள் பட்டியலும் இழுத்துக்கொண்டே போனது. துர்கா பூஜை போய், குளிர்காலம் வந்து, பொங்கலும் முடிந்தது. மற்ற இடங்களுக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது. லெஃப்ட் பேக் மட்டும் இல்லை. திடீரென்று மேலிடத்திலிருந்து உத்தரவு: நாளை மறுநாளுக்குள் ஆளை நேரில் நிறுத்து, இல்லாவிட்டால் அந்த இடம் போய்விடும். இருப்பதற்குள் யாராவது தேறுவானா என்று பழைய வீடியோக்களை வீட்டில் உட்கார்ந்து மறுபடி ஓட்டினேன். இவனுடையது வந்தது. திட்டிக்கொண்டேதான் பார்த்தேன். ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள், ஆன்லைன் வகுப்பை அணைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வந்தவள், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இது ஏன் உல்ட்டாவா இருக்கு?"

எது என்றேன். சுவரைக் காட்டினாள். எழுத்தெல்லாம் திரும்பியிருக்கிறது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லையா என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பிறந்து வளர்ந்தது இந்த ஊர். வங்காளியில் கனவு காண்பேன், சண்டை போடுவேன், கரியாஹாட் மார்க்கெட்டில் மீன்காரரிடம் பேரம் பேசி ஜெயிப்பேன். படிக்க மட்டும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அப்பா தமிழ்ப் பள்ளியில் போட்டார், அங்கே ஆங்கிலமும் இந்தியும் சொல்லிக்கொடுத்தார்கள். பஸ்ஸை நம்பர் பார்த்து ஏறுகிறேன், ஆபீஸில் எல்லாம் ஆங்கிலம். தேவைப்பட்டதே இல்லை. வங்காளி எழுத்து என்றால் எனக்கு மேலே ஒரு கொடி, அதில் காயப்போட்ட துணிகள். திருப்பிப் போட்டாலும் கொடி மேலேதான் இருந்தது. துணிகளும் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

சில போனில் செல்ஃபி கேமராவில் எடுத்தால் இப்படித் திரும்பித்தான் பதிவாகும் என்று சொல்லிக்கொண்டே, என் போனை வாங்கி எதையோ தட்டி, வீடியோவைத் திருப்பிக் கொடுத்தாள். பள்ளியில் வங்காளி படித்தவள், இப்போது சுவரைச் சரளமாகப் படித்தாள். நான் காலைப் பார்த்தேன். அதே ஆள், அதே பந்து. எல்லாம் இடதுகால். முதல் தொடலிலிருந்து கடைசித் தொடல் வரை சுத்தமான இடதுகால்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த வீடியோவை எங்கள் அணியில் வேறு யார் பார்த்திருந்தாலும் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பார்கள். அவர்கள் எல்லோரும் வங்காளிகள். நான்தான் யாருக்கும் அனுப்பாமல் வடிகட்டிவிட்டேன். மகள் என்னப்பா, என்னப்பா என்று கேட்டுக்கொண்டே நின்றாள். என் நம்பரைப் பார்த்தால் எடுக்க மாட்டான் என்று அவள் போனை வாங்கி அவன் நம்பரை அடித்தேன்.

மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரங்கள் கடகடவென்று ஓடும் சத்தம்.

"சொல்லுங்ணா."

தப்பான நம்பர் என்றுதான் நினைத்தேன். கல்கத்தாவில் என் வீட்டுக்கு வெளியே நான் எதிர்பார்க்காத ஒன்று உண்டென்றால் அது தமிழ். அதுவும் கோயமுத்தூர்ப் பக்கத்துத் தமிழ். அதிர்ச்சியில் நானும் தமிழிலேயே யார் பேசறது என்று கேட்டுவிட்டேன். பெயரைச் சொன்னான். அவனேதான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சில மாதங்களாக இருப்பதாகவும், தமிழ் அங்கே பழகியதுதான் என்றும் சொன்னான். நான் யார் என்று சொன்னேன். நீங்க தமிழாளா சார், நீங்க எங்க வங்காளி ஆளுன்னுல்ல நெனச்சேன் என்றான். அதற்கு மேல் வங்காளிக்குத் திரும்பவே இல்லை. எனக்கு மரியாதை செய்கிற மாதிரி, தேடித் தேடித் தமிழிலேயே பேசினான்.

சுவரைச் சொன்னேன். எழுத்து திரும்பியிருந்ததைச் சொன்னேன். நீ இடதுகால்தான், தப்பு என்னுடையது, உடனே கிளம்பி வா என்றேன். எப்போ வரணும் என்று கேட்டான். நாளை மறுநாள் என்றேன். திருப்பூரிலிருந்து ஹௌராவுக்கு ரயிலிலேயே ரெண்டு நாள் ஆகும். இருக்கிற சிறப்பு ரயில்களில் இடம் கிடைக்க வேண்டும், கொரோனா பரிசோதனைச் சான்று வேண்டும். சென்னையிலிருந்து விமானமும் அப்போது வாரத்தில் சில நாள்தான். எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாதா? முடியாதுங்க சார் என்றான். அவகாசம் கேட்டு வாங்குகிறேன் என்று சத்தியம் செய்தேன். கேட்கவும் செய்தேன். அலிப்பூரில் இருக்கும் மேலதிகாரி வீட்டு வாசலில் போய் நின்றேன். கிடைக்கவில்லை. அந்த இடம் போய்விட்டது. இன்றுவரை எங்கள் லெஃப்ட் பேக், வலதுகால்காரன் ஒருவன்தான்.

ஆனால் அன்றைக்கு அந்தப் போனில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என்மேலும் முழுத் தப்பு இல்லை என்று அவன் வாயால் கேட்க ஆசைப்பட்டேன் போலிருக்கிறது. உன் கோச் நம்பர் என்று கொடுத்தாயே, அது அணைத்தே கிடந்தது, நான் என்னதான் நினைப்பேன் என்று கேட்டேன்.

"அவரு அப்ப ஆஸ்பத்திரில இருந்தாரு சார். ஆக்சிஜன் வெச்சிருந்தாங்க. வீடியோ அவருதான் எடுத்துத் தர்றதா இருந்துச்சு. அவருக்குக் கொரோனா வந்ததும், அவர்கூட இருந்தவன்னு என் கிட்ட யாரும் வரல. போனைப் பிடிக்க ஆள் இல்ல. செங்கல்லுல சாய்ச்சு வெச்சு, நான் தெரியறேனான்னு பார்த்துப் பார்த்து எடுத்தேன்."

இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"இல்ல சார். நீங்க என்னைத் திட்டினீங்களே, அன்னிக்குக் காலைலதான் போனாரு."

பேசுங்கப்பா என்று மகள் கையைப் பிடித்து உலுக்கினாள். அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். வர்றேங்ணா என்று அவர்களுக்குப் பதில் சொன்னான். பிறகு என்னிடம், கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் போல் கேட்டான்:

"நான் சொன்னப்பவே நம்பியிருக்கலாமில்ல சார்?"