ஆனைக்குட்டத்தில் மாமாவின் காளையைத் தேடி

வெம்பக்கோட்டைப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் தாய்மாமா, வண்டிக்காளை ஜோடியில் ஒன்று செத்ததும், மிஞ்சிய கிழட்டுக் காளையைச் சந்தைக்கு ஓட்ட மனமில்லாமல் ஒரு விலங்கு நல அமைப்பிடம் கொடுத்துவிட்டார். பாலும் தயிரும்கூடத் தொடாத ஆட்கள். இப்படி வாங்கும் மாடுகளை ரகசியமாக அடிமாடாகக் கேரளா லாரியில் ஏற்றிவிடுவதாக டீக்கடையில் யாரோ சொல்ல, மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வாலே. நான் போனா அது பின்னாலயே வந்துரும்" என்றார். 2008 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். எனக்கும் சந்தேகம்தான். கிழட்டு மாட்டுக்கு எவன் சும்மா தீவனம் போடுவான்?

மதுரையில் காலை ஆறரை பஸ். விருதுநகரில் மாறி, ஒன்பது மணிக்குச் சிவகாசி. தீபாவளி ஆர்டர் சீசன் என்பதால் ரோடெல்லாம் பட்டாசு லோடு. அமைப்பின் கொட்டகை இருக்கும் ஆனைக்குட்டத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது கேட்பார்கள், நூற்றிருபதுக்கு வருவார்கள். ஓட்டிய காதர் பாய், போகுமிடத்தைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார். "அவுக டீக்குக்கூடப் பால் வாங்க மாட்டாக. அம்புட்டு நல்லவுகன்னா எனக்குப் பயந்தான்" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

ஆனைக்குட்டம் அணையைத் தாண்டிக் கம்பி வேலி. வாசலிலேயே என் தோல்செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கருவேல முள் கிடக்கும் பூமியில் வெறுங்காலோடு நடந்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? பொறுப்பாளர் வித்யா சென்னைக்காரர். காளையைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. திருப்பி வாங்கி விற்கப் போகிறீர்களா என்று என்னைக் குடைந்தார். நான் அவரைச் சந்தேகப்பட, அவர் என்னைச் சந்தேகப்பட, எனக்குக் கொடுத்த கடுங்காப்பி ஆறிப்போனது.

பொதுக்கொட்டகையில் காளை இல்லை. பின்னால் தகரக் கொட்டகையில் தனியாக அடைத்திருந்த ஒரு வெள்ளைக் காளையைக் காட்டினார். மாமா சொன்ன அடையாளம் ஒன்றுகூட இல்லை. கொம்பின் நீலப் பெயிண்டைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். கழுத்துமணி இல்லை. மூக்கணாங்கயிறு கொடுமையாம், அதையும் உருவியாயிற்று. வேறு மாட்டைக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். இதை ஏன் தனியாக அடைத்தீர்கள் என்று கேட்டேன்.

"முட்டுதுங்க. இடது பக்கம் எந்த மாடு நின்னாலும் முட்டித் தள்ளுது. வலது பக்கம் நின்னா ஒண்ணும் செய்யல" என்றார் அலுப்போடு.

மாமாவுக்குப் போன் போட்டு அதை அப்படியே சொன்னேன்.

"நம்ம காளைதாம்லே. அது எடத்தங்காளை. பூட்டுன நாள்ல இருந்து வண்டியில எடது பக்கந்தான். சோடி மாடு அதுக்கு வலது பக்கம் நிக்கும். ஒத்தையில கட்ட வேண்டாம்னு சொல்லு. வலது பக்கம் ஒரு மாட்டக் கட்டச் சொல்லு."

முரட்டுக் காளை என்று இத்தனை நாள் தள்ளிவைத்ததை நினைத்து வித்யா அழுதுவிட்டார். அந்தக் கண்ணீரை மட்டும் என்னால் சந்தேகப்பட முடியவில்லை. வேறு மாடு பிடித்துவர ஆட்கள் ஓடினார்கள். அதுவரை நானே போய் வலது பக்கம் நின்றேன். காளை என்னை மோந்து பார்த்துவிட்டு வைக்கோல் தின்ன ஆரம்பித்தது.

போகிறவர்கள் ரப்பர் செருப்போடு போங்கள். பால் காப்பியைச் சிவகாசியிலேயே குடித்துவிடுங்கள். மாட்டைக் கொடுப்பவர்கள், எந்தப் பக்கம் பூட்டியது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கொடுத்த பிறகு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். இந்த அமைப்புகளை எல்லாம் நான் இன்னும் முழுசாக நம்பிவிடவில்லை.

அன்று சாயங்காலமே வெம்பக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். இலையில் உட்கார்ந்த மாமா, வலது பக்கம் இப்போது எந்த மாடு நிற்கிறது என்று மட்டும் கேட்டார். ஒரு செவலை, அது வரும்வரை நான் என்றேன். அத்தையிடம் தனக்கு இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னார்.